வியூக விளையாட்டுகள்: வெற்றி வேட்கையும் மனநலமும்

பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. பணயம் இல்லாத வியூக விளையாட்டுகள் அத்தடைக்குள் வாரா. எனினும் அவற்றிலிருந்து பிள்ளைகளை விலக்க இயலவில்லை எனப் பெற்றோர் பலர் கவலையுறுகின்றனர். அவர்களை ஈர்ப்பது எது?

சுயமாக முடிவெடுத்தல், தன் திறமையை உணர்தல், பிறரோடு இணைந்திருத்தல் ஆகியவை மனிதனின் அடிப்படை உளத்தேவைகள் என்பது உளவியலாளர்கள் டெசி, ரயன் ஆகியோரின் கோட்பாடு. திட்டமிட்டுப் பெறும் வெற்றி இம்மூன்றையும் ஒருசேர நிறைவு செய்கிறது. இவ்வேட்கை நோயன்று.

ஆனால், சதுரங்க ஆட்டம் முடிவுறும். பல கைப்பேசி விளையாட்டுகள் முடிவதில்லை. ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ விளையாட்டில், ஆடுபவர் உறங்கும்போதும் அவரது கிராமம் தாக்கப்படலாம். குழுப்போரில் தோழர்கள் அவரை எதிர்நோக்கியிருப்பர். இழப்பு குறித்த அச்சமும் குழுக்கடமையும் விலகுவதைக் கடினமாக்குகின்றன.

2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, விளையாட்டுக் கோளாறை மணிக்கணக்கால் வரையறுக்கவில்லை. கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளினும் விளையாட்டை முதன்மையாகக் கருதுதல், பாதிப்பு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்து, அன்றாட வாழ்வைக் கணிசமாகக் குலைப்பதே கோளாறாகும்.

எனவே, கைப்பேசியைப் பறிக்கும் முன், அவ்வெற்றி பிள்ளைக்கு எதை அளிக்கிறது எனக் கேட்டறிக. வீட்டிலும் பள்ளியிலும் கிடைக்காத பாராட்டு அங்கே கிடைக்கக்கூடும். உறக்கமோ படிப்போ தொடர்ந்து பாதிக்கப்பட்டால், 14416 என்ற ‘டெலி-மானஸ்’ கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.