ஓடு, பேசாதே!

“விளையாட்டுல அரசியலைக் கலக்காதீங்க சார்!”

எந்த விளையாட்டு வீரராவது வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசிவிட்டால் போதும், இந்த உபதேசம் உடனே வந்துவிடும். உபதேசிகளிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். முதலில் கலந்தது யார்?

எமில் ஜடோபெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஒரே வாரத்தில் 10,000 மீட்டர், 5,000 மீட்டர், மாரத்தான் என மூன்றிலும் தங்கம் வாங்கிய செக்கோஸ்லோவாக்கியக்காரர். மாரத்தானில் அதற்கு முன் அவர் ஓடியதே கிடையாது. ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வேறு யாரும் இன்றுவரை ஜெயித்ததில்லை. ஓடும்போது முகம் கோணும், தலை ஒரு பக்கம் சாயும், நாக்கு வெளியே தள்ளும். பார்க்கிறவர்களுக்கு, அடுத்த சுற்றில் ஆள் விழுந்துவிடுவார் என்றே தோன்றும். விழமாட்டார்.

தச்சர் வீட்டுப் பிள்ளை. பாட்டா தொழிற்சாலையில் வேலை. ஆமாம், பள்ளிக்கூடம் திறக்கும்போது நமக்கு ஷூ வாங்கித் தருவார்களே, அதே பாட்டாதான். அங்கே ஒரு பந்தயத்தில் கட்டாயப்படுத்தி ஓடவிட்டபோதுதான் அவர் கால்களில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. பிறகு ராணுவம். கனமான பூட்ஸ் காலோடு பயிற்சி; 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப, டஜன் கணக்கில் ஓடுவார். மொத்தம் 18 உலக சாதனைகள்.

ராணுவம் அவருக்குப் பதவி உயர்வுகள் தந்தது. கம்யூனிஸ்ட் அரசு அவரைத் தன் அமைப்பின் வெற்றிச் சின்னமாக ஊர் ஊராகக் காட்டியது. ஜெயித்தது அவர் கால்; பெருமை கட்சிக்கு. அப்போது யாரும் “அரசியலைக் கலக்காதே” என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா?

ஹெல்சிங்கிக்குப் புறப்படும்போதே ஒரு தகராறு. ஸ்டனிஸ்லாவ் யுங்விர்த் என்ற சக ஓட்டக்காரரைக் கடைசி நேரத்தில் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். குற்றம்? அவருடைய அப்பா அரசியல் கைதி. ஜடோபெக் சொன்னார்: அவன் வரவில்லை என்றால் நானும் வரவில்லை. விமானம் அவர் இல்லாமலே புறப்பட்டது. 1952-ல், அந்த நாட்டில், சீருடை போட்ட ஒரு ராணுவ அதிகாரி இப்படிச் சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் அரசு இறங்கி வந்தது. இரண்டு பேரும் போனார்கள். மூன்று தங்கத்தோடு வந்தவரை யார் தண்டிப்பது?

கால் வேகம் குறைந்த பிறகுதான் கணக்குத் தீர்த்தார்கள்.

1968-ல் அந்த நாட்டில் சுதந்திரக் காற்று கொஞ்சம் வீசியது. சீர்திருத்தம் கேட்ட ‘இரண்டாயிரம் சொற்கள்’ அறிக்கையில் ஜடோபெக்கும் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைந்தன. அவர் வீட்டுக்குள் பதுங்கவில்லை. வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குப் போய், வந்திருந்த சிப்பாய்களிடம் ரஷ்ய மொழியிலேயே வாதாடினார்.

விளைவு? கட்சியிலிருந்து நீக்கம். ராணுவ வேலை போயிற்று. உலகமே அறிந்த அந்தக் கர்னல், நிலத்தில் துளை போட்டுத் தண்ணீர் தேடும் குழுவோடு ஊர் ஊராகப் போய் டிரெய்லர் வண்டியில் தூங்கினார். மனைவி டானாவும் சாமானியப்பட்டவரில்லை. 1952-ல் ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கியவர். அவரைப் பார்க்க விடுமுறை கிடைத்தால்தான் உண்டு.

1971-ல் ஜடோபெக் பணிந்தார். கட்சிப் பத்திரிகையில், 1968-ல் தான் எடுத்த நிலைக்கு வருத்தம் தெரிவித்தார். பழைய தோழர்கள் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். இன்றைக்கும் அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் சிலர் இந்த இடத்தில் வந்து உச்சுக்கொட்டுகிறார்கள். “என்ன இருந்தாலும் வளைஞ்சு கொடுத்துட்டாரே!”

அதே அறிக்கையில் கையெழுத்திட்ட ஜிம்னாஸ்டிக் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா கடைசிவரை பின்வாங்கவில்லை. அது மகத்தான துணிச்சல், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் துணிச்சலை அளவுகோலாக வைத்து ஜடோபெக்கை அளக்க நாம் யார்? ஆபீஸில் மேலதிகாரி முறைத்தாலே “அப்படிச் சொல்லலை சார்” என்று குழைகிறவர்கள் நாம். ஐம்பதை நெருங்கும் வயதில், வேலை பிடுங்கப்பட்டு, வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர் வளைந்தார் என்றால், வளைத்த கையைப் பற்றியல்லவா பேச வேண்டும்? அவர் நெஞ்சுரத்துக்கு மார்க் போட உட்கார்ந்துவிட்டால், அந்தக் கைக்காரர்கள் சௌகரியமாகத் தப்பித்துவிடுவார்கள்.

பணிந்ததற்குப் பரிசும் பெரிதாக ஒன்றுமில்லை. சில ஆண்டுகள் கழித்து பிராக்கில் ஒரு மேஜை கிடைத்தது. வெளிநாட்டு விளையாட்டுப் பத்திரிகைகளைப் படித்து மொழிபெயர்க்கும் வேலை. யார் எந்த நாட்டில் எவ்வளவு நிமிடத்தில் ஓடினார் என்று, 10,000 மீட்டரை முதன்முதலில் 29 நிமிடத்துக்குள் ஓடி முடித்த மனிதர் பார்த்துப் பார்த்து எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு, 1990-ல் ராணுவ அமைச்சகம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. அப்போது அவருக்கு வயது 67.