நூல் வாழ்த்து அட்டைக்கு ரொக்கம் கொடுப்போம்

கார்த்திகை பிறந்துவிட்டால் நம் கடைத்தெருக்களில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கிவிடும். மளிகைக் கடைகளில் மைதா, உலர் திராட்சை, செர்ரி, முந்திரி, பட்டை, கிராம்பு என்று கேக் சாமான் வியாபாரம் சூடுபிடிக்கும். தூத்துக்குடி, நாகர்கோவில், பாளையங்கோட்டை வணிகர்களுக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. இதே சமயத்தில் இன்னொரு சரக்கும் சில கடைகளுக்கு வருகிறது. வண்ண நூலால் நட்சத்திரமும் மணியும் மெழுகுவர்த்தியும் தைத்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே கையால் செய்து, பையில் போட்டுக் கொண்டுவருவது. அதை நாம் வாங்கும் முறையைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

“வைத்துவிட்டுப் போம்மா, விற்றால் பணம் தருகிறோம்.” நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில் இதுதான். அட்டைக் கட்டு கல்லாவுக்குப் பின்னால், ஊதுபத்திப் பெட்டிக்கு அடியில் போய்விடுகிறது. நம் முதல் அதில் இல்லை, ஆகவே நம் கண்ணும் அதன்மேல் இல்லை. பண்டிகை முடிந்து அந்த அம்மாள் வந்து கேட்டால் பாதி விற்றிருக்கும், பாதி மூலை மடங்கியிருக்கும். விற்றதற்கும் “பொங்கல் கழித்து வாங்க” என்கிறோம். பெரிய கம்பெனி ஏஜென்சிக்காரர் வண்டியிலிருந்து பெட்டியை இறக்குமுன்னே ரொக்கமோ செக்கோ கேட்கிறார், மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். முப்பது அட்டை கொண்டுவந்தவரிடம் மட்டும் நாம் கடன் கேட்கிறோம். சொல்லப்போனால், அவருடைய முதலில் நாம் கடை நடத்துகிறோம்.

“வாட்ஸ்அப் காலத்தில் வாழ்த்து அட்டை யார் வாங்குகிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஆயிரம் அட்டை அச்சடித்து ஒரு ஷில்லிங் விலைக்கு விட்டதில் தொடங்கிய வியாபாரம் இது. 1992 டிசம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்ட முதல் எஸ்.எம்.எஸ். செய்தியே கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். அச்சடித்த அட்டைக்கு ஓலை வந்த நாள் அது என்று இப்போது தெரிகிறது. சிவகாசியிலிருந்து கட்டுக் கட்டாக வந்த பொங்கல் அட்டைகளை நடைபாதையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விற்ற காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் நூல் அட்டையை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதைத் தபாலில் போடுவதற்காக யாரும் வாங்குவதில்லை. தென்மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் அன்று அச்சு முறுக்கும் முந்திரிக் கொத்தும் கேக்கும் தட்டில் வைத்து, மதம் பார்க்காமல் அண்டை வீடுகளுக்கு அனுப்புகிறார்கள் அல்லவா? அந்தத் தட்டின் மேலும், பரிசுப் பொட்டலத்தின் மேலும் வைக்க ஒரு பொருளாக இது போகிறது. அந்தப் பலகாரத்துக்கு மாவும் சர்க்கரையும் வாங்க வருகிறவர் நம் கடைக்குத்தானே வருகிறார்? ஆகவே புத்தகக் கடையைவிட மளிகைக் கடைக்கே இது பொருந்தும் சரக்கு என்பது நம் கருத்து.

விலை பேசுமுன் இதன் வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கெட்டியான ஐவரி அட்டையை மடித்து, முன்பக்கத்தில் படத்தின் கோட்டை வைத்து, ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்த வேண்டும். துளை ஒரு நூலிழை விலகினாலும் நட்சத்திரம் கோணிப்போகும். எம்பிராய்டரி நூல் சிட்டம் ஒன்று 8 மீட்டர். அதில் ஆறு இழைகள் முறுக்கியிருக்கும். பிரித்து ஓரிழை அல்லது ஈரிழையாகத்தான் கோக்க வேண்டும், தடித்த நூல் துளையைக் கிழித்துவிடும். துணியைப்போல் இழுத்துத் தைக்கவும் முடியாது. அட்டை ஒருமுறை கிழிந்தால் அதோடு போயிற்று. முடிந்தபின் பின்பக்கத்து நூல் முனைகளை ஒட்டி, அவை தெரியாமல் உள்ளே வெள்ளைத் தாள் ஒட்ட வேண்டும். மலிவு நூலாக இருந்தால் சிவப்புச் சாயம் ஈரத்தில் இறங்கி வெள்ளை அட்டையைக் கெடுக்கும்.

இந்தப் பகுதிப் பெண்களின் கைக்கு ஊசி புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்தபின், அந்தக் கைத்தொழில் இடையன்குடிக்கும் போயிற்று. அட்டையில் நேர்கோடாக நூல் ஓட்டியே வளைவு காட்டும் வித்தைக்கு வேறொரு பூர்வீகம் உண்டு. பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்குவதற்காக அட்டையில் அப்படித் தைக்கவைத்தவர் இங்கிலாந்தின் மேரி எவரெஸ்ட் பூல். அவர் கணவர் ஜார்ஜ் பூல் வகுத்த கணிதம்தான் இன்றைய கம்ப்யூட்டருக்கு அடிப்படை. கணவர் கணக்கு அட்டை வியாபாரத்தைக் கெடுத்தது, மனைவி கணக்கு அதற்குக் கை கொடுக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

இப்போது விலைக்கு வருவோம். அட்டை, நூல், உள்தாள், கவர் எல்லாம் சேர்த்து 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேர வேலைக்கு 50 ரூபாய் போட்டால் அடக்கம் 62. நாம் 20 சதவீதம் வைத்தால் ஏறக்குறைய 75 ரூபாய். இருபது அட்டைக்கு நம் முதல் 1,240 ரூபாய். 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றுக்கு முடக்கும் முதல்கூட இல்லை. இதை ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியாத கடை நம் சங்கத்தில் இருக்குமா?

விற்காமல் நின்றுவிட்டால் நமக்குத்தானே நஷ்டம் என்ற அச்சம் இருக்கிறது. இருக்கத்தான் செய்யும், டிசம்பர் 26ஆம் தேதி கிறிஸ்துமஸ் அட்டையை யார் கேட்பார்கள்? அதற்கு வழி, வாங்கும்போதே யோசிப்பது. உள்ளே வாசகமோ ஆண்டோ எழுதாத அட்டையாகக் கேளுங்கள். நட்சத்திரமும் பூவும் தைத்தது புத்தாண்டுக்கும் பிறந்த நாளுக்கும் போகும். குடில் படம் மட்டுமே கிறிஸ்துமஸோடு நிற்கும், அதை எண்ணி வாங்கலாம். நூறாக வேண்டாம், இருபதாக வாங்குங்கள். போனால் மறுபடி வாங்க நேரம் இருக்காது என்பதும் உண்மை. வீட்டு வேலைக்கு நடுவே ஒருவர் நாளைக்கு இரண்டு மூன்று அட்டைதான் தைப்பார். டிசம்பர் பத்தாம் தேதி போய் ஐம்பது கேட்டால் நடக்காது. புரட்டாசியிலேயே சொல்லி, பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்தால் அவர் நல்ல நூலாக வாங்குவார். மீதியை, தீபாவளி வசூல் கைக்கு வந்தபின் சரக்கு இறங்கும் நாளில் கொடுத்துவிடலாம்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம்தான் நிற்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. கெடு தாண்டிய நிலுவையைக் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்ற வருமான வரி விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வந்தது. “விற்றால் பணம்” என்ற வாய்ப் பேச்சில் கொள்முதல் நாள் எது என்பதே வழக்காகிவிடும். ஒரு துண்டுச் சீட்டில் எண்ணிக்கை, விலை, தேதி எழுதி இருவரும் கையெழுத்திட்டால் இருவருக்கும் நிம்மதி.

வாங்கிய சரக்கை ஒளித்துவைக்காதீர்கள். பாதி தைத்து, மீதி துளை மட்டும் குத்திய மாதிரி அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கல்லாவின் மேல் வையுங்கள். “இருபது ரூபாய்க்கு அச்சு அட்டை கிடைக்குதே” என்பவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் பேரம் தானே குறையும். மழைக்காலமாதலால் அட்டைகளை மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும், ஈரக் காற்றில் அட்டை வளையும். மிளகாய்த் தூளுக்கும் மசாலாவுக்கும் பக்கத்தில் வேண்டாம், வாசம் ஏறிவிடும். விலைச் சீட்டை மட்டும் அட்டையின் முகப்பில் ஒட்டிவிடாதீர்கள். உரிக்கும்போது நூலும் சேர்ந்து வந்துவிடும். கவரின் பின்பக்கம் பென்சிலால் எழுதினால் போதும்.