கீரைக்கு யாரும் அனுமதி தரவில்லை

"மணத்தக்காளிக் கீரை கல்லீரல் புற்றுநோயைக் குணமாக்கும், அமெரிக்காவே ஒப்புக்கொண்டுவிட்டது" என்கிறார் நண்பர். எதை ஒப்புக்கொண்டது? திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில் ரூபி ஜான் ஆன்டோ குழு ஆராய்ந்தது கீரைக் கூட்டை அல்ல. இலையிலிருந்து பிரித்த உட்ரோசைடு-பி என்ற ஒற்றைச் சேர்மத்தை. 2016இல் வெளியான ஆய்வில், செல்லை 'வளர், பிரி' என்று ஏவும் எம்டார், மாப்-கைனேஸ் சமிக்ஞைகளை அது முடக்கியது. எலிகளில் கட்டி சுருங்கியது. அருமையான வேலை, சந்தேகமில்லை. ஆனால் 2021இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தந்தது 'அரிய நோய் மருந்து' என்ற தகுதி மட்டுமே: வரிச்சலுகை, கட்டண விலக்கு. விற்பனை அனுமதி அல்ல. மனிதரிடம் நிரூபிக்காமலே இந்தத் தகுதியைப் பெறலாம். வற்றல் குழம்பு வையுங்கள், யார் வேண்டாமென்றது? சமைத்த கீரையிலிருந்து எவ்வளவு சேர்மம் கல்லீரல்வரை போய்ச் சேரும் என்று மட்டும் சொல்லுங்கள், அதுவரை ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குக் கிளம்பும் நோயாளியை வழிமறிக்காதீர்கள்.