யாரிடம் கற்றாய்?

‘யாரும் எனக்குச் சொல்லித்தரலை, நானே கத்துக்கிட்டேன்’ என்று ஒரு மரச்சிற்பி சொன்னால் நாம் உடனே உருகிவிடுகிறோம். கல்லூரி கிடையாது, குரு கிடையாது, கையும் உளியும் மட்டும்தான். இந்தக் கதை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் செதுக்குவது டிகி சிலை என்றால், அந்த வாக்கியத்தை நம்ப நான் தயாராக இல்லை.

டிகி தெரியும்தானே? கார் டிக்கி இல்லை. பெரிய கண், பல் தெரியப் பிளந்த வாய், மடங்கிய குட்டைக் கால் என்று ஃப்ளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் மதுவிடுதி வாசலிலும் நீச்சல்குளத்து ஓரத்திலும் நிற்கும் மரச்சிலை. ஒரு பனைமரத் துண்டும் செயின்சாவும் நாலு உளியும் இருந்தால் வேலையை ஆரம்பித்துவிடலாம். நியூசிலாந்து மாவோரிகளின் பல மரபுக்கதைகளில் டிகி என்பது முதல் மனிதனின் பெயர். அந்த முதல் மனிதன் இப்போது ரம் கோப்பையாகவும் விற்கிறான்.

இந்தப் பாணி பிறந்தது எந்தத் தீவிலும் அல்ல. 1930களில் ஹாலிவுட்டில் ‘டான் தி பீச்கோம்பர்’, ஓக்லண்டில் ‘ட்ரேடர் விக்’ஸ்’ என்ற மதுவிடுதிகளில் பிறந்தது. 1956இல் கலிஃபோர்னியாவின் விட்டியரில் நண்பர்கள் இருவர் தொடங்கிய ‘ஓஷியானிக் ஆர்ட்ஸ்’, 2021இல் மூடப்படும்வரை உணவகங்களுக்கும் டிஸ்னிக்கும் சிலைகள் கொடுத்தது. உழைப்பாளிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மரபில் வந்த சிற்பிகள் எதைப் பார்த்துச் செதுக்கினார்கள்? அருங்காட்சியகச் சிலைகளையும் அவற்றின் புகைப்படங்களையும்தானே?

அந்தச் சிலைகள் அருங்காட்சியகத்துக்கு எப்படி வந்தன என்று யாரும் கேட்பதில்லை. ருரூட்டுத் தீவின் ‘அஆ’ சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கண், மூக்கு, வாய் எல்லாமே சின்னச்சின்ன மனித உருவங்கள். தீவினர் கிறிஸ்தவத்துக்கு மாறி, 1821இல் அதை மிஷனரிகளிடம் ஒப்படைத்தார்கள். இன்று அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஹவாயில் மிஷனரிகள் வந்து இறங்குவதற்கு முந்தைய வருடமே, 1819இல், பழைய விலக்குமுறையை ஒழித்த ஆட்சியாளர்களே சிலைகளைக் கொளுத்தச் சொன்னார்கள். கூ தெய்வத்தின் பெரிய கோயில் சிலைகளில் மிஞ்சியவை மூன்றுதான். ஒன்று லண்டனில், ஒன்று மாசசூசெட்ஸின் சேலத்தில், ஒன்று ஹொனலுலுவில். 2010இல் மூன்றும் ஹொனலுலுவில் ஒன்றாக நின்றன. அதில் இரண்டு சொந்த ஊருக்கு விருந்தாளியாக வந்து, திரும்பிப் போயின.

நமக்கு ஏகலைவனைத் தெரியும். நேரில் ஒரு பாடமும் கேட்காதவன், ஒரு மண்பொம்மையை வைத்துக்கொண்டு தானே வில் பழகியவன். ‘யாரிடம் கற்றாய்?’ என்று கேட்டபோது அவன் ‘நானே’ என்று சொல்லவில்லை, துரோணரின் பெயரைச் சொன்னான். அந்தப் பெயருக்குக் கட்டைவிரலை விலையாகக் கேட்டது அநியாயம்தான். டிகி விஷயத்தில் கதை தலைகீழ். இங்கே கட்டைவிரலை இழந்தது குரு. சீடன் பத்து விரலோடும் நின்று ‘எனக்குக் குருவே இல்லை’ என்கிறான்.

‘கலைக்கு எல்லை கிடையாது’ என்பீர்கள். சரி, கிடையாது. பாலினீசியன் அல்லாதவன் உளியைக் கீழே போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தீவுச் சிற்பிகளே இரும்பு கிடைத்ததும் கல் வாய்ச்சியை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டவர்கள்தான், வந்த மாலுமிகளுக்குச் சிலை விற்றவர்கள்தான்.

இதைவிடக் கெட்டியான வாதம் ஒன்று உண்டு: ‘டிகி இப்போது அமெரிக்காவின் சொந்த விளையாட்டு, அதைத் தீவோடு ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?’ நல்லது. அப்படியென்றால் விலைச்சீட்டில் ‘பாலினீசியச் சிற்பம்’ என்ற சொல் எதற்கு? விற்கும்போது தீவு வேண்டும், கேள்வி வந்தால் தீவு வேண்டாம் என்றால் எப்படி? டிஸ்னிலேண்டில் டிகி அறை திறந்தது 1963இல். மூன்றே வருடத்தில் பிரெஞ்சுப் பாலினீசியாவில் பிரான்ஸ் அணுகுண்டுச் சோதனையை ஆரம்பித்தது. 1996 வரை 193 வெடிப்புகள். மனிதர்களை நீக்கிவிட்ட ஒரு தீவைக் கனவு கண்டு பழகியவர்களுக்கு, அங்கே மனிதர்கள் இருந்தது உறுத்துமா?

அந்த மனிதர்கள் இன்னும் செதுக்குகிறார்கள். அழியப்போகிறது என்று அஞ்சப்பட்ட மாவோரி மரச்செதுக்கைக் காக்க 1926இல் சட்டம் போட்டு, ரோட்டோருவாவில் பள்ளி தொடங்கினார் அபிரானா ஙாட்டா. அங்கே எராமிஹா கபுவா என்ற முதியவர் இளைஞர்களுக்கு வாய்ச்சி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். யாரிடம் கற்றார்கள் என்று அந்த மாணவர்களைக் கேட்டால் பதில் சொல்ல அவர்களிடம் ஒரு பெயர் இருந்தது.

தானே கற்ற சிற்பியிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சிலையின் அடியில் நாலு வரி எழுதுங்கள்: இந்த வாய் ஹவாயின் கூவிடமிருந்து, இந்தக் கண் மார்கேசஸிலிருந்து, இந்த நீட்டிய நாக்கு மாவோரிகளிடமிருந்து. தெரியாவிட்டால் தேடுங்கள். ஒரு தீவின் முகத்தில் இன்னொரு தீவின் நாக்கை ஒட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். உங்கள் கைத்திறமை இதனால் ஒரு குண்டுமணி அளவும் குறையாது. ஏகலைவனுக்குக் குறைந்ததா என்ன?