கிட்டாருக்கும் மூச்சு வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

நான் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வந்தது. திருமங்கலத்துக்குத் தெற்கே, வானம் பார்த்த கரிசல் பூமி எங்கள் ஊர். இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவர் வரவில்லை. என்னை மேடை ஏற்றிவிட்டார்கள். பாட்டின் நடுவே தனித்து வாசிக்கும் இடம் வந்தது. ‘டிஸ்டார்ஷன் பெடல்’ என்னும் சிறு பெட்டியைக் காலால் மிதித்தேன். எழுந்தது இசையன்று, குளவிக் கூட்டில் கல்லெறிந்த சத்தம்! முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “தம்பி, மைக்செட் ரிப்பேரா?” என்றார். ஊரே சிரித்தது.

அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தார். விடியுமுன் எழுந்து மல்லிகைப்பூ எடுத்த கூலியில் மிச்சம் பிடித்து அவர் தந்த மூவாயிரம் ரூபாய்தான் அந்தப் பெட்டி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். “படிக்கிற பிள்ளைக்கு இந்த இரைச்சல் எதற்கு?” என்று கேட்டவர்களுக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த இரைச்சல் பிறந்ததே பழுதிலிருந்துதான். 1958-ல் லிங்க் ரே என்ற அமெரிக்கர் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் துளையிட்டுக் கரகரப்பை உண்டாக்கினார். 1964-ல் இங்கிலாந்தின் கின்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் சவர பிளேடால் கூம்பைக் கீறினார். இதற்கிடையே 1962-ல் அதே வேலையைச் செய்யும் ‘ஃபஸ்-டோன்’ பெட்டி கடைக்கு வந்தது. 1978-ல் ஜப்பானிய பாஸ் நிறுவனத்தின் டி.எஸ்-1 வந்தது. மூன்றே குமிழ்கள், இன்றும் விற்பனையில் இருக்கிறது.

பெட்டிக்குள் நடப்பது நம் ஆய்வகத்துக் கிளிப்பர் சுற்றேதான். கம்பியின் மெல்லிய மின்னலையை ஒரு பெருக்கி பன்மடங்காக்குகிறது. சிலிக்கான் டயோடுகள் 0.6, 0.7 வோல்ட்டுக்கு மேல் அலையின் தலையைச் சீவிவிடுகின்றன. உருண்ட அலை சதுரமாகிறது. மூல சுரத்தோடு மேற்சுரங்கள் பல சேர்கின்றன. கம்பி ஓங்கி அதிர்ந்தாலும் ஓய்ந்து அதிர்ந்தாலும் ஒரே உயரத்தில் வெட்டுப்படுவதால், சுரம் சீக்கிரம் சாவதில்லை.

இங்கேதான் என் கருத்து தொடங்குகிறது. கிட்டாரில் மீட்டிய சுரம் நொடியில் தேய்கிறது; இழுத்துக் கமகம் பேசுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. நாதசுரத்துக்கோ மூச்சு இருக்கிறது. 1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நம் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததைக் கேட்டவருக்கு அந்த மூச்சின் அருமை தெரியும். டிஸ்டார்ஷன் பெட்டி கிட்டாருக்கு அந்த மூச்சைக் கடன் தருகிறது. கொச்சி மதர்ஜேன் குழுவில் வாசித்த பைஜு தர்மஜன் கமகங்களை மின்கிட்டாரில் பேச வைத்தவர். கரகரப்பும் நமக்கு அந்நியமன்று. தம்புராவின் குதிரையில் கம்பிக்கடியில் நூல் வைப்பது எதற்காக? வெறும் கம்பியில் எழ வேண்டாத மேற்சுரங்களும் தம்புராவில் எழுவதைக் குறித்துச் சர். சி.வி. இராமன் 1921-லேயே எழுதியிருக்கிறார்.

எனில் அன்று என்ன பிழை? பெட்டியின் பிழையன்று, என் அறியாமை. கிட்டாருக்கென்று செய்த ஒலிபெருக்கி, சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை அவ்வளவாக வெளிவிடுவதில்லை. மைக்செட்டோ அனைத்தையும் வெளிவிடும். நான் பெடலிலிருந்து நேரே மிக்ஸரில் செருகிவிட்டேன்; குளவி கிளம்பிற்று! சிறு கிட்டார் ஆம்ப் ஒன்றை வைத்து அதன் முன் மைக் நிறுத்தியிருந்தால் போதும்.

வாங்க நினைக்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். டி.எஸ்-1 இரும்பைப் போல் உழைக்கும். விலை கையைக் கடித்தால் பெரிங்கரின் பிளாஸ்டிக் பெட்டிகள் தாழ்வில்லை, மேடையில் பதமாக மிதித்தால் சரி. ‘மெட்டல்’ என்று எழுதிய பெட்டிகளில் நடுச் சுரத்தைக் குறைத்து வைத்தால் அறையில் கம்பீரமாக இருக்கும். மேடையில் டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் இடையே காணாமற் போகும். தனித்து வாசிப்பவனுக்கு 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதிதான் உயிர். ‘டிஸ்ட்’ குமிழைப் பாதிக்கு மேல் திருகுமுன் யோசியுங்கள். இரைச்சலும் கூடவே ஏறும். மலிவான அடாப்டர் ரீங்கரித்தால் 9 வோல்ட் பாட்டரியைப் போடுங்கள். முழுக் கார்டு வாசித்தால் குழம்பும். ச–ப மட்டும் சேர்த்தால் கீழ் சட்ஜமும் தானே ஒலிக்கும். 2:3 அதிர்வுகளின் வேறுபாடு 1 அல்லவா?

இதற்கும் பணமில்லாதவர் தாமே செய்யலாம். டவுன்ஹால் ரோடுப் பக்கம் ஒரு ஐ.சி., இரண்டு டயோடு, சில ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வாங்கினேன். சில நூறு ரூபாய்தான் ஆயிற்று. பேராசிரியர் அன்போடு அனுமதிக்க, சி.ஆர்.ஓ. திரையில் என் கிட்டாரின் அலை தலை சீவப்படுவதை என் கண்ணால் கண்டேன். தேர்வுக்காக மனப்பாடம் செய்த படம் அன்றுதான் எனக்குப் பாடமாயிற்று.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. மாணவ நண்பர்களே, பெற்றோரின் கூலிக் காசை விளம்பரத்துக்குக் கொடுக்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆசிரியப் பெருமக்களே, வாரத்தில் ஒரு மாலையாவது ஆய்வகத்தின் கதவை இத்தகைய ஆசைகளுக்காகத் திறந்து வையுங்கள். ஆசையின் வழியே வரும் அறிவு மறப்பதில்லை.

சென்ற ஆவணியில் பக்கத்து ஊர்த் திருவிழாவில் என் கையால் செய்த பெட்டியோடு வாசித்தேன். ஆம்பின் முன் மைக். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அம்மா சொன்னார்: “இன்னைக்கு நாயனம் மாதிரி இருந்துச்சுய்யா.”