காந்திமதியை ஜாதகத்தோடு நிறுத்தாதீர்கள்

திருநெல்வேலிப் பக்கத்து அப்பா அம்மாக்களே, உங்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. பெண் குழந்தை பிறந்ததும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள். ‘யாருக்கும் இல்லாத பேரா வேணும்’ என்று செயலியில் தேடுகிறீர்கள். எண்கணிதக்காரர் சொன்னபடி ஓர் எழுத்தைச் சேர்க்கிறீர்கள், ஓர் எழுத்தைத் தள்ளுகிறீர்கள். இத்தனைக்குப் பிறகும் பள்ளியில் சேர்க்கப் போனால் அதே பெயரோ, அதன் தங்கச்சி போல இன்னொரு பெயரோ வகுப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. காந்திமதி என்று ஒரு பிள்ளையைத்தான் காணோம்.

முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் டவுனில் ஒரு தெருவில் நின்று ‘ஏட்டி காந்தி’ என்று குரல் கொடுத்தால் இரண்டு மூன்று வாசலில் தலை எட்டிப் பார்க்கும். டீச்சர் காந்திமதி, பூக்கட்டும் காந்தியக்கா, வடக்கு வீட்டுக் காந்தி மதினி என்று முன்னால் ஒரு அடையாளம் சேர்த்தால்தான் யாரென்று விளங்கும். இன்ன சாதிக்கு என்று ஒதுக்கி வைத்த பெயரும் இல்லை. ஆண்பிள்ளைகளும் காந்திமதிநாதன் என்று அந்தப் பெயரைச் சுமந்தார்கள். எட்டயபுரத்தில் பாரதியைச் சின்னப் பயல் என்று ஈற்றடி கொடுத்துச் சீண்டப் பார்த்து, அதே அடியில் தானே மாட்டிக்கொண்டதாகச் சொல்லப்படுகிறவர்கூட ஒரு காந்திமதிநாதன்தான்.

இந்தப் பக்கத்தில் பெயரைச் சொன்னாலே ஊர் தெரிந்துவிடும். கோமதி என்றால் சங்கரன்கோவில். குழல்வாய்மொழி என்றால் குற்றாலம். உலகம்மை என்றால் தென்காசியா பாபநாசமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காந்திமதி என்றால் கேள்வியே இல்லை, நெல்லையப்பர் கோயில். அந்த அம்மனை இந்த ஊர் தன் வீட்டுப் பெண்ணாகவே வைத்திருக்கிறது. ஆடிப்பூரத்தில் அவளுக்கு வளைகாப்பு நடத்துகிறோம். ஐப்பசியில் கம்பாநதி மண்டபத்துக்குத் தவம் இருக்கப் போகிறாள், சுவாமி காட்சி கொடுக்கிறார், அப்புறம் ஆயிரங்கால் மண்டபத்தில் திருக்கல்யாணம். தனித்தனியாக நின்ற சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் 1647இல் வடமலையப்பப் பிள்ளையன் சங்கிலி மண்டபம் கட்டிச் சேர்த்துவைத்தார். ஆனித் தேரோட்டத்தில் அவளுக்கென்று தனித் தேர் ரத வீதியில் ஓடுகிறது. ‘எனக்கு ஏம்மா இந்தப் பேரு வச்ச?’ என்று ஐந்து வயதில் பிள்ளை கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டலாம். செயலியில் எடுத்த பெயருக்கு நீங்கள் எதைக் காட்டப்போகிறீர்கள்?

நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். ‘கிழவி பேரு’ என்கிறீர்கள். ‘பதினாறு வயதினிலே’ வந்தது 1977இல். அதில் குருவம்மாவாக நடித்த காந்திமதியையும், பிறகு அவர் ஏற்ற அம்மா, அத்தை வேஷங்களையும் பார்த்துப் பார்த்து அந்தப் பெயருக்கே வயசாகிவிட்டதாக நினைத்துக்கொண்டீர்கள். எந்தக் காந்திமதியும் கிழவியாகப் பிறக்கவில்லை. பெயருக்கு வயசு ஏறியது நாம் குழந்தைகளுக்கு வைப்பதை நிறுத்தியதால்தான். ‘யானை பேரு, பிள்ளைகள் கேலி செய்யும்’ என்கிறீர்கள். 2025 ஜனவரியில் கோயில் யானை காந்திமதி இறந்தபோது எத்தனை கூட்டம் வந்தது, எத்தனை பேர் அழுதார்கள்! நீங்களும் வாசலில் நின்று கண்ணைத் துடைத்தீர்கள். ஊரே அப்படி உருகிய ஒரு பெயர் உங்கள் மகளுக்கு எப்படி இழிவாகும்?

‘கூப்பிடச் சின்னதா வேணும்’ என்பவர்களுக்குக் காந்தி இருக்கிறது, மதி இருக்கிறது. நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களுக்கு மிருகசீரிடத்துக்கு ‘கா’ இருக்கிறது.

எனக்குப் பொறுக்காதது வேறொன்று. ‘அதெல்லாம் வச்சிருக்கோம், ஜாதகத்துல ஆச்சி பேருதான்’ என்று ஒரு சமாதானம் சொல்கிறீர்களே, அது. எங்கள் சொந்தத்தில் அண்மையில் ஒரு குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். அந்த வீட்டு ஆச்சியும் ஒரு காந்திமதிதான். சேலைத் தொட்டில், சீனித் தண்ணி எல்லாம் முறைப்படி. குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல ஆச்சியைத்தான் அழைத்தார்கள். ஆச்சி குனிந்தார்கள். பெயர் வாயில் நுழையவில்லை. மகனிடம் திரும்பி, ‘என்னய்யா பேரு சொன்னே?’ என்று கேட்டார்கள். அவன் சொன்னான். மறுபடியும் கேட்டார்கள். கடைசியில் மகனே குனிந்து சொல்லிவிட்டான். ஆச்சி பக்கத்தில் நின்று தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய பெயர் ஜாதக நோட்டில் இருந்தது. யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கூப்பிடாத பெயரை வைத்து யாருக்கு என்ன பயன்?

பழைய வழக்கத்திலும் கோளாறு உண்டு, அதை மறைக்க மாட்டேன். மருமகள் மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால், ஆச்சி பெயரை வைத்த பேத்தியை வீட்டில் அம்மாளு, பாப்பா, ராசாத்தி என்றுதான் கூப்பிட்டார்கள். பிள்ளை குறும்பு செய்தால் பெயர் சொல்லித் திட்ட முடியாது, மாமியார் காதில் விழுந்துவிடும். அந்த விலக்கு போகட்டும். மாமியார்களே, உங்கள் மருமகள் உங்கள் முன்னாலேயே ‘காந்திமதி, எழுதினியாட்டி?’ என்று மகளை அதட்டட்டும். கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள்.

மாமியாரிடம் பட்ட பாட்டினால் அந்தப் பெயரே வேண்டாம் என்று இருக்கும் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வலி பெரிது. ஆனால் உங்கள் அம்மாவுக்கும் ஒரு பெயர் உண்டு தாயி. பெண்ணைப் பெற்ற ஆச்சியின் பெயர் ஏன் எப்போதும் வரிசையில் பின்னாலேயே நிற்க வேண்டும்? அவர்கள் கோமதியாக இருந்தால் கோமதி வையுங்கள், உலகம்மையாக இருந்தால் உலகம்மை வையுங்கள். கணவன்மாரே, அப்போது முகத்தைத் தூக்கிக்கொள்ளாதீர்கள்.

அவசரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி இருக்கிறது. பெயர் இல்லாத சான்றிதழ் இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறதா? அப்படியானால் பெரியவர்களோடு உட்கார்ந்து பேச இன்னும் நேரம் இருக்கிறது. காந்திமதி என்று முடிவானால், ஆங்கிலத்தில் ‘ஜி’ போடுவதா ‘கே’ போடுவதா என்பதையும் அன்றைக்கே தீர்மானியுங்கள். ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒன்றும் பள்ளிச் சான்றிதழில் இன்னொன்றுமாக இருந்து, பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது பிள்ளை அலைய வேண்டாம்.