பெருநாளுக்குப் பிறகு

ரமலானில் செருப்பு வைக்கவும் இடமில்லாதிருந்த பள்ளிவாசலில், பெருநாள் முடிந்த மறுவாரமே ஃபஜ்ருக்கு முன்வரிசைகூட நிரம்புவதில்லை. பார்க்கவே மனம் கனக்கிறது. ஸஹருக்கு எழுந்து பழகிய உடம்புதானே இது? தராவீஹின் வேகத்தை ஆண்டு முழுக்க இழுத்துப்பிடிக்கும்படி யாரும் கேட்கவில்லை. குறைவானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்றுதான் நபிகள் நாயகம் (ஸல்) சொன்னார்கள். ஷவ்வாலின் 6 நோன்பையே எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பெண்கள் விடுபட்ட நோன்பைக் களா செய்யும் நாட்களில் ஆண்களும் இந்த 6 நோன்பைப் பிடித்தால், அப்பெண்கள் இருட்டில் தனியே எழுந்து, மஃரிபில் தனியே பேரீச்சம்பழம் கடிக்கும் நிலை இராது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். குர்ஆனையும் உறையிட்டு அலமாரியில் ஏற்றிவிடாமல், ஃபஜ்ருக்குப் பின் ஒரு பக்கமாவது பொருளோடு ஓதலாம்.